சிங்கிகுளத்து முனியும் மணல்காட்டுத் துரையும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "திருநெல்வேலிப் பக்கம் ஓர் இந்துக் கோயிலில் வேறு மதத்தவரை வைத்துப் பூசை செய்கிறார்களாமே, உண்மையா, எங்கே? ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்குச் சாராயமும் சுருட்டும் படைத்ததாகவும் சொல்கிறார்கள். இதையெல்லாம் மத நல்லிணக்கம் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். உண்டு. ஒரு கோயிலைச் சொல்லுங்கள் என்றால் சிங்கிகுளத்தைச் சொல்வேன். வெள்ளைக்காரர் கதையும் உண்மைதான், ஆனால் அதைச் சொல்கிறவர்கள் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள், அதற்கு வருகிறேன். மூன்றாவது கேள்விதான் சிக்கல். 'இந்துக் கோயில்', 'வேறு மதம்' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துக்கொண்டு நம்ம ஊர்ப் பீடங்களுக்கு முன்னால் போய் நின்றால், இரண்டுமே அங்கே சரியாகப் பொருந்துவதில்லை.

முதலில் சிங்கிகுளம். நாங்குநேரி வட்டத்தில், களக்காட்டுப் பக்கம் இருக்கிற ஊர். ஊரை ஒட்டி ஒரு பாறைக்குன்று. மேலே ஒரு பகவதி அம்மன் கோயில். தெரியாதவர் போனால் இன்னொரு குன்றுக் கோயில் என்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். உள்ளே ஒரு முனீஸ்வரர் இருக்கிறார். நாம் பார்த்துப் பழகிய முனீஸ்வரனுக்கு முறுக்கிய மீசையும் உருட்டிய விழியும் கையில் அரிவாளும் இருக்கும். இவரிடம் அதெல்லாம் கிடையாது. காரணம், இவர் சமணத் தீர்த்தங்கரர், சமணர்கள் வணங்குகிற ஞானகுருக்களில் ஒருவர். பகவதி என்று கும்பிடப்படுகிற அம்மன், சமணர்களின் காவல் தெய்வமான இயக்கி, பெயர் அம்பிகை. அங்குள்ள கல்வெட்டு இந்தக் குன்றை 'ஜினகிரிமாமலை' என்றும், கோயிலை 'நியாயபரிபாலப் பெரும்பள்ளி' என்றும் சொல்கிறது. ஜினகிரி என்றால் ஜினனின் மலை, ஜினன் என்பது தீர்த்தங்கரருக்கு இன்னொரு பெயர். பள்ளி என்றால் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம். அந்தச் சொல்தான் பிறகு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் போனது, முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்கும் போனது. ஒரு சொல் எத்தனை வீடு மாறியிருக்கிறது பாருங்கள்.

நான் அங்கே போனது ஒரு சித்திரை மாத மத்தியானம். புத்தியுள்ளவன் போகிற நேரமில்லை அது. செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறியதில் பாறை உள்ளங்காலைப் பொசுக்கிவிட்டது. மேலே தூண் நிழலில் ஒரு வயதான அம்மா, மடியில் பூச்சரத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் சுவரையும் சிலையையும் குறுகுறுவென்று பார்த்ததிலேயே, கும்பிட வந்த ஆள் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன யய்யா, கல்வெட்டு பாக்க வந்தியளா?"

ஆமாம் என்றேன். முனீஸ்வரரைக் காட்டி, இவர் சமணச் சாமி என்று சொல்கிறார்களே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"வாறவுக எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. சமணரோ கிமணரோ, எங்களுக்கு முனிதான். நாங்க பொறக்கதுக்கு முன்னாலயே இங்க இருக்காவ. நாமதான பெறகு வந்தது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இறங்கி வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். 'அவர் முன்னாலேயே இருக்கிறார், நாம் பிறகு வந்தோம்' என்பதுதான் அந்த அம்மாவின் கணக்கு. குடிவந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் அங்கே செய்திருக்கிறார்கள். சோறு கேட்டால் போடுவோம், பெயர் தெரியாவிட்டால் 'பெரியவரே' என்போம்.

'முனி' என்கிற பெயரும் சும்மா வந்து ஒட்டிக்கொண்டதில்லை. தவக்கோலத்தில் இருப்பவரை முனி என்பது நம் வழக்கம். சமணத் துறவிகளும் முனிகள்தான். அமரகோசம் என்கிற பழைய வடமொழி நிகண்டு புத்தரின் பெயர்களை வரிசைப்படுத்தும்போது 'முனி' என்றும் 'சாஸ்தா' என்றும் சொல்கிறது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த இரண்டு சொல்லையும் கேட்டதும் பங்குனி உத்திரமும் குலதெய்வமும் நினைவுக்கு வரும். அதற்காக எல்லாச் சாஸ்தாவும் புத்தர்தான், எல்லா முனியும் சமணர்தான் என்று அடித்துப் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அவ்வளவு நேர்க்கோட்டில் எதுவும் நடந்திருக்காது.

திருநெல்வேலியில் சமணம் எப்படி வந்தது என்று கேட்கலாம். சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலை போய்ப் பாருங்கள். குன்றில் இயற்கையான குகைத்தளம், கல்லில் வெட்டிய படுக்கைகள், மேலே தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஒரு வரி: வெண்காசிபன் கொடுத்த கற்படுக்கை என்று பொருள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்து எழுத்து. ஊர்க்காரர்கள் அதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள். தமிழ்நாடு முழுக்கச் சமணர் படுக்கைகளுக்கு அந்தப் பெயர்தான். பாண்டவர்கள் வனவாசத்தில் தூங்கியதைவிட நம் பாறைகளில்தான் அதிகம் தூங்கியிருப்பார்கள் போலிருக்கிறது. அதே குன்றின் அடியில் பூலுடையார் சாஸ்தா கோயில். பங்குனி உத்திரத்துக்கு அங்கே பொங்கல் வைக்கிற குடும்பங்களில் எத்தனை பேர் நிமிர்ந்து அந்த எழுத்தைப் பார்த்திருப்பார்கள்?

கழுகுமலை எல்லோருக்கும் தெரியும். இப்போது தூத்துக்குடி மாவட்டம், முன்பு திருநெல்வேலிச் சீமைதான். வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களையும் பார்க்கிறார்கள். பல உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில், செய்து வைத்தவரின் பெயர். அவர்களில் தச்சரும் குயவரும் கொல்லரும் உண்டு, பெண் ஆசிரியர்களான குரத்தியரும் உண்டு. திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஒருவர் வருகிறார். திருச்சாரணம் என்பது இன்றைய சிதறால், குமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் சமணப் பள்ளி பிற்காலத்தில் பகவதி கோயில் ஆனது. ஆக, சிங்கிகுளம் தனியாக முளைத்த அதிசயம் இல்லை. கழுகுமலையிலிருந்து சிதறால் வரை நீண்ட ஒரு பழைய தடத்தில் அது ஒரு நிறுத்தம். கழுகுமலையில் சமணச் சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே அய்யனார் கோயில் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள்.

அந்தத் தடத்தில் என்னை அதிகம் இழுப்பது இயக்கிதான். இயக்கி என்பவள் தீர்த்தங்கரருக்குக் காவலாக நிற்கிற பெண் தெய்வம். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே ஆய்ச்சி மாதரி இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கவுந்தியடிகளையும் கண்ணகியையும் பார்க்கிறாள். கவுந்தி சமணத் துறவி. மாதரி வீட்டிலோ ஆய்ச்சியர் கண்ணனைப் பாடிக் குரவை ஆடுகிறார்கள். இயக்கிக்குப் படைப்பதும் மாயவனைப் பாடுவதும் ஒரே வீட்டில் நடக்கிறது, இளங்கோ அதை விளக்கிச் சொல்லக்கூட நிற்கவில்லை.

இயக்கி எப்படி இசக்கி ஆனாள் என்பதற்குப் பெரிய மொழியியல் வேண்டாம். உயிர் நம் வாயில் உசிர், முயல் நம் வாயில் முசல், அயலூர் அசலூர். அதே வழியில் இயக்கி இசக்கி. தென் மாவட்டங்களில் தெருவுக்குத் தெரு இசக்கியம்மாளும் இசக்கிமுத்துவும் இசக்கிப்பாண்டியும் இருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டவுடனே, "நீங்க நம்ம பக்கமா?" என்று விசாரிப்போம். அந்தப் பெயரின் வேர் ஒரு சமணச் சொல் என்று யாரும் நினைப்பதில்லை.

கதைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சமணர் சொல்கிற அம்பிகையின் கதை: ஒரு பிராமணக் குடும்பத்து மருமகள், திதிக்குச் சமைத்த சோற்றை, வாசலில் வந்த சமண முனிவருக்குப் போட்டுவிடுகிறாள். வீடு கொதிக்கிறது. கணவன் அவளை இரண்டு பிள்ளைகளோடு விரட்டிவிடுகிறான். பிறகு மனம் மாறி அவளைத் தேடி வருகிறான். அவளோ அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து உயிரை விட்டுவிடுகிறாள். அவள் நேமிநாதரின் இயக்கியாகிறாள். அவன் சிங்கமாகப் பிறந்து அவளுக்கு வாகனமாகிறான். சிற்பங்களில் அவளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளும் சிங்கமும் இருப்பது அதனால்தான்.

இனி வில்லுப்பாட்டில் கேட்கிற இசக்கி கதை: நம்பி வந்த பெண்ணைக் காட்டில் வைத்துக் கொல்கிறான் ஒரு பிராமணன். அவள் நீலியாக மறுபிறவி எடுத்து, கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த பிறவியில் செட்டியாகப் பிறந்த அவனைப் பழையனூரில் தேடி வந்து பழி தீர்க்கிறாள். கையில் பிள்ளையோடு நிற்கிற பெண், விரட்டிய அல்லது கொன்ற ஆண், அவள் தெய்வமாவது என்ற எலும்புக்கூடு இரண்டிலும் இருக்கிறது. ஆனால் சமணக் கதையில் கணவன் வாகனமாகி மன்னிப்புப் பெறுகிறான். நம்ம கதையில் அந்தப் பேச்சே கிடையாது. இந்த இரண்டாவதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது, அது என் ருசி.

சரி, துரைக்கு வருவோம்.

1809-இல் திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாய் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, எதிராக எழுந்தபோது, பாளையங்கோட்டைப் பக்கமிருந்து போன கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவரைத் தாக்கிப் பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற கணவாய் அது. காற்றாலைகள் நிற்கிற அந்தச் சாலையில் இன்று போகிறவர்கள் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார்கள். அந்தச் சண்டையில் ஓர் ஆங்கிலேய அதிகாரி படுகாயம் பட்டார். பிறகு செத்துப்போன அவரை, சண்டை நடந்த இடத்திலிருந்து 25 மைல் தள்ளி ஒரு மணல்காட்டில் புதைத்தார்கள். சில காலம் கழித்துச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அந்தப் புதைகுழியில் அவருக்குப் பூசை போட ஆரம்பித்தார்கள். அவர் மேல் பாட்டும் இருந்தது.

இதை எழுதி வைத்தவர் கால்டுவெல். இடையன்குடியில் ஊழியம் செய்த அதே கால்டுவெல்தான். 1849-இல் வந்த அவருடைய சிறு நூல் ஒன்றில், பாட்டிலிருந்துதான் அந்த அதிகாரி யார் என்று ஊகிக்க முடிகிறது என்றும், அவருக்குச் சாராய வகையும் சுருட்டும் படைத்தார்கள் என்றும் எழுதுகிறார். அவர் எழுதும்போதே, அது அண்மைக்காலம் வரை நடந்த வழிபாடு என்றுதான் குறிப்பிடுகிறார். பின்னால் வந்தவர்கள் அந்த அதிகாரியைக் கேப்டன் போல் என்று பெயர் சொல்லிக் குறித்தார்கள். திருச்செந்தூர், திசையன்விளைப் பக்கத்துத் தேரிகளைப் பார்த்தவர்களுக்கு மணல்காடு என்றால் கண்முன் வந்துவிடும்: செம்மணல், பனை, உடைமரம், காற்றில் இடம் மாறுகிற மேடு. அந்த மாதிரி ஓர் இடத்தில் கடல் தாண்டி வந்த ஒருவன் தனியாகக் கிடக்கிறான்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 'வெள்ளைக்காரனுக்குப் பிடித்ததை, அவன் நாட்டு ருசியை அறிந்து படைத்தார்கள்' என்று இந்தக் கதையை விசேஷமாகச் சொல்வார்கள். கால்டுவெல்லும் அந்தச் சுருட்டுக்குப் பிறகு ஓர் ஆச்சரியக்குறி போட்டுவிட்டுத்தான் நகர்கிறார். ஆனால் சுடலைமாடன் கோயிலில் கொடை என்கிற திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்? மாடனுக்கும் சாராயம் உண்டு, சுருட்டு உண்டு. முனியாண்டிக்கும் உண்டு. துரைக்குப் படைத்தது துரையின் சாப்பாடு என்பதைவிட, மாடனின் படைப்பு என்பதுதான் பொருத்தம். போதாததற்குச் 'சுருட்டு' என்ற சொல்லையே ஆங்கிலேயர் நம்மிடமிருந்து வாங்கித்தான் 'செரூட்' ஆக்கிக்கொண்டார்கள். பொருளும் இங்கத்தியது, சொல்லும் இங்கத்தியது, முறையும் இங்கத்தியது. செத்த ஆள் மட்டும்தான் வெளியூர்.

அவரை ஏன் கும்பிட வேண்டும், எதிரிப் படைக்காரன்தானே என்று கேட்கலாம். நம் பக்கத்துத் தெய்வங்களில் இரண்டு வகை உண்டு. கைலாசத்தில் பிறந்து சிவனிடம் வரம் வாங்கி இறங்கி வந்தவர்கள் ஒரு வகை, சுடலை அப்படி. மனிதராய்ப் பிறந்து, வெட்டுப்பட்டோ கழுவேறியோ வயிற்றுப்பிள்ளையோடோ அகாலத்தில் செத்து, ஆசை அடங்காமல் நிற்பவர்கள் இன்னொரு வகை. இவர்களை வாதை என்பார்கள். வாதைக்கு நிலையம் கொடுக்க வேண்டும், அதாவது இருக்க ஓர் இடமும் வருஷத்துக்கு ஒருமுறை சோறும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் காவல் நிற்கும். கொடுக்காவிட்டால் மாடு சாகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். நல்லவனா கெட்டவனா, எந்தச் சாதி, எந்தச் சாமி கும்பிட்டான் என்ற விசாரணை இதில் வருவதே இல்லை. குண்டடிபட்டு, சொந்த பந்தம் யாருமில்லாமல், திதி கொடுக்க ஒரு பிள்ளை பக்கத்தில் இல்லாமல் செத்த ஒருவன் மணல்காட்டில் கிடக்கிறான் என்றால், நம்ம ஊர்ப் பாட்டிகளின் கணக்குப்படி அதைவிடப் பெரிய வாதை கிடையாது.

எங்கள் ஊர்ச் சுடலை கோயிலில் இதைக் கண்ணால் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கொடை இரண்டாம் நாள் நடுச்சாமத்தில் வில்லு ஓய்ந்து, கணியான் கூத்துக்காரர்களின் மகுடப் பறை மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கும். படைப்புப் போடுகிறவர் ஒவ்வொரு பீடத்துக்கும் இலை விரித்துக்கொண்டே வருவார். சுடலை, பேச்சி, இசக்கி, முண்டன், புலமாடன். பிறகு மூலையில், வேப்பமரத்தை ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு சின்னப் பீடம். வெள்ளை அடித்திருக்கும், மற்றவற்றுக்குப் போலக் காவிப்பட்டை இருக்காது. அதற்கும் ஓர் இலை, ஒரு குத்துச் சோறு, ஒரு கறித்துண்டு, ஒரு சுருட்டு. சுருட்டைப் பற்றவைத்து, பீடத்தின் விளிம்பில் சாய்த்து வைப்பார். இருட்டில் அந்த ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். இது யாருக்கு என்று பாட்டியிடம் கேட்டேன்.

"அது வெளியூர்க்காரவுகலே. யாருன்னு தெரியாது. பங்கு உண்டு, அவ்ளோதான்."

பெயரும் கிடையாது, கதையும் கிடையாது, பங்கு மட்டும் உண்டு. கேப்டன் போல் பூசையை நான் புரிந்துகொண்டது புத்தகத்தால் இல்லை, அந்த வெள்ளைப் பீடத்தால்தான்.

இந்த வரிசையில் நம் மாவட்டத்துக்கு வெளியேயும் நிறைய உண்டு. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் காவல் நிற்கிற முத்தால ராவுத்தன் ஒரு முஸ்லிம் வீரன். சபரிமலைக்குச் செங்கோட்டை வழியாகப் போகிற நம்ம ஊர்ச் சாமிகளுக்கு ஐயப்பனின் முஸ்லிம் தோழரான எருமேலி வாவரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் அரங்கனுக்குத் துலுக்க நாச்சியார் என்று ஒரு நாச்சியாரே இருக்கிறார், அவர் பொருட்டு ரொட்டி நைவேத்தியம் நடக்கிறது. இவையெல்லாம் பிரசித்தம் என்பதால் நிற்காமல் போகிறேன்.

ஆனால் பாபநாசம் மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலை விட்டுவிட்டுப் போகமுடியாது. அங்கே மதம் இல்லை, சாதி. ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். பட்டவராயன் என்பது முத்துப்பட்டன்தான். பிராமணப் பிள்ளை, செருப்புத் தைக்கிற சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, பூணூலை அறுத்துப்போட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு கட்டிக்கொண்டவன். மாடு திருட வந்தவர்களோடு மோதி வெட்டுப்பட்டான். கட்டிவைத்த செருப்பு நாளாக நாளாக யாரோ போட்டு நடந்ததுபோலத் தேய்ந்திருக்கும் என்பார்கள். கோயிலுக்குள் செருப்பே காணிக்கை! ஒரு முஸ்லிம் வீரனைக் காவலுக்கு வைத்துக்கொள்வதைவிட, ஒரு வெள்ளைக்காரனுக்குச் சுருட்டு வைப்பதைவிட, இது நம் சமூகத்துக்குக் கஷ்டமான காரியமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எதிர்ப்பக்கமும் ஒரு நடை பார்த்துவிடலாம். கடையத்துப் பக்கம் பொட்டல்புதூர், இன்று தென்காசி மாவட்டம். அங்கே முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. முன்மண்டபமும் கல்தூண்களுமாகப் பார்வைக்கு ஒரு சிவன் கோயில் மாதிரி இருக்கும். 1166-இல் பாக்தாதில் காலமான அப்துல் காதிர் ஜீலானிக்கு இங்கே 'ஆண்டவர்' என்று பெயர், பழனியாண்டவர் என்பது மாதிரி. நேர்ச்சைக்கு ஆடு கொண்டு வருகிறவர்களில் இந்துக்கள் நிறைய. நம்பியாறு கடலில் சேருகிற இடத்து ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும், உவரி அந்தோணியாருக்கும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் 1785-இல் குளோரிந்தா என்கிற பிராமண விதவை கட்டிய தேவாலயத்தை இன்றும் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றுதான் சொல்கிறார்கள். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத்தான் போவார்கள், சர்ச் என்பது பிறகு வந்த நாகரிகம்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. இதை மத நல்லிணக்கம் என்று சொல்லலாமா?

பொட்டல்புதூரைச் சொல்லலாம். அங்கே இரண்டு தரப்பும் உயிரோடு இருக்கிறது, ஒருவரை ஒருவர் தெரியும், ஒரே திருவிழாவில் தோளோடு தோள் இடித்துக்கொள்கிறார்கள். சிங்கிகுளத்தைச் சொல்ல எனக்குத் தயக்கம். அங்கே இன்னொரு தரப்பு இல்லை. அந்தப் பெரும்பள்ளியில் ஓதிய துறவிகளும் அவர்களுக்குச் சோறு போட்ட குடும்பங்களும் இன்று யாரும் இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு அவர் படத்துக்குப் பூப்போடுவதை, அவரோடு இணக்கமாக வாழ்வது என்று சொல்லமுடியுமா? அவர்கள் விரட்டப்பட்டார்களா, மெல்ல மெல்ல சைவத்திலும் வைணவத்திலும் கரைந்தார்களா என்பதற்கு அந்தப் பாறையில் பதில் கிடையாது. மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியதாகச் சைவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதை ஒன்று இருக்கிறது. நடந்ததோ இல்லையோ, அதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிற நாடு நம்முடையது. அதையும் மறக்கக்கூடாது.

மறுபக்கம் இன்னொன்று. அந்தச் சிலை இன்றும் உடையாமல் நிற்பதற்குக் காரணம், யாரோ அதை முனி என்று நம்பி எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள் என்பதுதான். கும்பிடாமல் விட்ட எத்தனையோ தீர்த்தங்கரர்கள் துணி துவைக்கிற கல்லாகவும் வரப்புக் கல்லாகவும் போய்விட்டார்கள்.

சேலத்துத் தலைவெட்டி முனியப்பன் விஷயம் பலருக்கும் நினைவிருக்கும். முனியப்பன் என்று கும்பிடப்பட்ட சிலை புத்தர் என்று தொல்லியல் துறையின் ஆய்வு சொன்னது. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், பூசை செய்யக்கூடாது என்று உத்தரவிட்டது. சட்டப்படி, வரலாற்றுப்படி சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். புத்தருக்கு ஆடு வெட்டுவது எப்படிப் பார்த்தாலும் நியாயமில்லை. ஆனால் அதே அளவுகோலைச் சிங்கிகுளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், தூண் நிழலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை எங்கே போகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர்ப்பலகை வேண்டும், ஜினகிரிமாமலை என்று பெரிதாக எழுத வேண்டும், கல்வெட்டைக் காப்பாற்ற வேண்டும். விளக்கு ஏற்றுவதையும் விட்டுவைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்கமுடியாது என்று எந்தப் பாறையிலும் எழுதவில்லை.

போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், என்னைப் போல மத்தியானத்தில் ஏறிக் காலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்வெட்டின் மேல் மாவையோ சுண்ணாம்பையோ தேய்க்காதீர்கள், சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அதுவே தெரியும். கேப்டன் போல் குழியைத் தேடி மணல்காட்டுப் பக்கம் போக ஆசை வந்தால் உங்கள் பாடு. ஆனால் அந்தப் பக்கத்து மாடன் கோயில்களில் கொடை நடக்கும்போது, மூலையில் காவிப்பட்டை இல்லாமல் ஒரு சின்னப் பீடம் இருக்கிறதா, அதற்கும் இலை விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் யாருடையது என்று கேட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.